எங்க வீட்டு மலக்குழி

மலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருத்தர் முகம் சுளித்தார். "ஏரியப் பத்தி எழுதுங்க. பறவைங்களப் பத்தி, துறைமுகத்தப் பத்தி எழுதுங்க. இதப் போயா எழுதுவாங்க?" என்றார். பழவேற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூநாரையும் டச்சுக்காரன் கல்லறையும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு எங்க வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு மூடி போட்டுக் கிடக்கிற மலக்குழிதான் ஞாபகம் வருகிறது. மலத்தைப் பேச வெட்கப்படுகிற இந்தச் சமூகம் அதை இன்னொருத்தரை அள்ள வைக்க ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அதனால் பேசுவோம்.

எங்க ஊர் ஏரிக்கரையில் ஒரு காலனி. பேர் வேண்டாம். பட்டினவர் குப்பங்களுக்கு ஏரியில் 'பாடு' உண்டு. தலைக்கட்டுக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு முறை. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று அவர்களுக்குள் சீட்டு எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் எங்க பேர் கிடையாது. இறாலுக்கு விலை ஏறின பிறகு இதில் சண்டை சச்சரவெல்லாம் நடந்தது, அது வேறு கதை. எங்க அம்மா கரையோரத்துச் சேற்றுத் தண்ணியில் கையால் தடவி இறால் பிடித்தவர். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலில் நகர்ந்துகொண்டே, ரெண்டு கையாலும் சேற்றைத் துழாவணும். இருளர் பெண்கள் பிழைத்தது அப்படி, எங்க பெண்கள் பலர் பிழைத்ததும் அப்படி. வலை கட்ட இடம் இல்லாதவங்களுக்குக் கைதான் வலை. தண்ணி எப்படி இருக்கிறது என்பது அம்மாவுக்கு ஆய்வுக்கூடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கை சொல்லும்.

2016-இல் நாங்க கக்கூஸ் கட்டினோம். தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் கிடைத்தது. மீதிக்கு நான் கடன் வாங்கினேன். அதுக்கு முன்னால அம்மாவும் அக்காவும் விடியறதுக்குள் சவுக்குத் தோப்புக்குப் போய்வந்தாங்க. பாம்புக்குப் பயம், ஆம்பளைங்க அடிக்கிற டார்ச் லைட்டுக்கு அதைவிடப் பயம். கதவு போட்ட கக்கூஸ் வந்த அன்றைக்கு அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. கழிப்பறையே வேண்டாம் என்று பேசுகிற கட்டுரை இல்லை இது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தொட்டி கட்டின கொத்தனாரிடம், "அடியில கான்கிரீட் போடணுமா அண்ணா?" என்று கேட்டேன். "எதுக்குப்பா செலவு? அடிய தொறந்தே வுட்டுடலாம். தண்ணி தானா மண்ணுல எறங்கிடும். ஆயுசுக்கும் லாரி கூப்புட வேணாம்" என்றார். 'ஆயுசுக்கும்' என்ற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூடியைப் போட்டோம், மறந்தோம்.

எங்க மண் மணல். ரெண்டு முழம் தோண்டினால் தண்ணி வந்துடும். 2021 நவம்பர் மழையில் ஆரணி ஆறு பெருகி, ஏரி ஏறி, எங்க தெருவில் கணுக்கால் அளவு நின்றது. கக்கூஸில் ஊற்றினது உள்ளே போகாமல் திரும்பி மேலே வந்தது. மழை விட்ட பிறகு லாரிக்குச் சொன்னேன்.

லாரியில் டிரைவரும் இருபது வயசு இருக்கிற ஒரு தம்பியும் வந்தாங்க. குழாய் பாதியில் அடைத்துக்கொண்டது. மணல், துணி, பிளாஸ்டிக், எங்க வீட்டுப் பெண்கள் வேற போக்கிடம் இல்லாமல் போட்டவை, எல்லாம் கெட்டியாகக் கிடந்தது. டிரைவர், "எறங்குடா" என்றார். அந்தத் தம்பி சட்டையைக் கழற்றி என் வீட்டுக் கொடியில் மாட்டிவிட்டு இடுப்பளவுக்கு இறங்கினான். கையால் எடுத்து வெளியே போட்டான். கையுறை இல்லை, ஒன்றும் இல்லை. நான் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன். அவன் என்ன சாதி என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த வேலைக்கு யாரை அனுப்புவார்கள் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

2017-இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எங்க பக்கத்தில் போட்டுக் காட்டினபோது முன்னால் நின்று பேசினவன் நான். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். மலக்குழிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும் யாரையும் நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது. முதல் தடவை மீறினாலே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எந்த நபரும்' என்பதில் நானும் உண்டு. நான் "எறங்காத தம்பி" என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் 500 ரூபாய் கூடக் கொடுத்தேன். கொடுத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அப்படி லேசானதை இன்றைக்கு நினைத்தால்தான் கனக்கிறது.

இன்னொன்றும் நான் கேட்கவில்லை. லாரியில் ஏற்றினதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று.

ரெண்டு நாள் கழித்து அம்மா வெறும் பறியோடு திரும்பி வந்தார். "கால்வாயாண்ட எவனோ ராத்திரி லாரிய கொணாந்து வுட்டுட்டுப் பூட்டான்டா. ஒரே நாத்தம். தண்ணில கை வெக்க முடியல" என்றார். கை முழுக்க அரிப்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது நான் கூப்பிட்ட லாரிதானா, வேறு வீட்டுக்கு வந்த லாரியா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஒரு மலத்துக்கு யார் பொறுப்பு? இதுதான் கேள்வி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாக இந்தச் சமூகம் பதில் சொல்லாமல் தட்டிக்கழித்துவந்த கேள்வி இது.

நம்ம மொழியில் 'பொறுப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே 'பொறு' என்பது இருக்கிறது. சுமப்பது, தாங்குவது. தன் காரியத்தின் விளைவைத் தான் சுமக்கிறவர்தான் பொறுப்பானவர். சாதி செய்த காரியம் என்ன? காரியத்தை ஒருத்தருக்கும் சுமையை வேறொருத்தருக்கும் பிரித்துக் கொடுத்தது. கழிக்கிறவர் ஒருத்தர், அள்ளுகிறவர் இன்னொருத்தர். அதோடு நின்றிருந்தால்கூடப் பாதி அநியாயம்தான். அள்ளுகிறவரையே அசுத்தம் என்றது. கழித்தவர் சுத்தமானவர் ஆகிவிட்டார். உலகத்தில் அழுக்கை அடுத்தவர் தலையில் ஏற்றிய அதிகாரங்கள் நிறைய. ஏற்றினதோடு, 'நீ பிறந்ததே இதற்குத்தான்' என்று சாஸ்திரமும் எழுதி வைத்தது இங்கேதான்.

1927 மார்ச்சில் மகாத் நகரத்தில் அம்பேத்கர் தலைமையில் நம்ம ஜனங்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார்கள். அதுக்குப் பிறகு சாதி இந்துக்கள் சாணம், மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து ஊற்றி மந்திரம் ஓதிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நீரின் தூய்மை என்று நாம் இன்றைக்குப் பேச ஆரம்பிக்கும்போது இதை மறக்கக் கூடாது. இந்த நாட்டில் தண்ணியின் சுத்தம் என்பது ரொம்ப நாளைக்கு யார் தொட்டார் என்ற கணக்குதான். என்ன கலந்தது என்ற கணக்கு இல்லை. தீட்டு கண்ணுக்குத் தெரியாது, கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிருமி எல்லார் வயிற்றிலிருந்தும் வருகிறது. தண்ணியை எடுத்து ஆய்வு செய்தால் மலக் கிருமி எவ்வளவு என்று தெரியும், எந்தத் தெருவுடையது என்று தெரியாது. அந்த விதத்தில் கிருமி அறிவியல் தீட்டைப் பொய்யாக்குகிறது. அதனால் நீரைக் காக்கிற சட்டத்தை நாம் சந்தேகத்தோடு பார்க்கலாம், வேண்டாம் என்று தள்ள முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் ரெண்டு தலித்துகளை ஒருத்தர் வாயில் ஒருத்தர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. ரெண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், விசாரித்த சிபிசிஐடி அந்த மக்களில் மூன்று பேர்மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இங்கே மலம் வெறும் சுகாதாரப் பிரச்சினை இல்லை, ஆயுதமும்கூட. அப்படிப்பட்ட நாட்டில் மலக்குழியைப் பற்றிய விதி ஒரு பொறியாளர் சமாச்சாரம் மட்டுமாக இருக்க முடியாது.

காந்தி அவரவர் கக்கூஸை அவரவர் சுத்தம் செய்யச் சொன்னார், தானும் செய்தார். அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அவரே தோட்டி வேலையைப் புனிதமான சேவை என்றும் புகழ்ந்தார். 1945-இல் எழுதின புத்தகத்தில் அம்பேத்கர் இதைத்தான் பிடித்துக் கேட்டார்: செய்தே ஆகணும் என்று பிறப்பால் விதிக்கப்பட்டவரிடம் போய் அது உயர்ந்த வேலை என்று சொல்வது கேலியில்லாமல் வேறு என்ன? ஆக, புகழ்ச்சி பதில் இல்லை. கூடக் கொடுக்கிற 500 ரூபாயும் பதில் இல்லை.

*

இப்போது அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கட்டுகிற நமக்கே அது தெரிவதில்லை.

செப்டிக் டேங்க் மலத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம் இல்லை, பிரித்து வைக்கிற பெட்டி. கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெய்ப் பசையானது மேலே ஏடு கட்டும், நடுவில் இருக்கிற தண்ணி வெளியே போகும். அந்தத் தண்ணியில் கிருமி அப்படியே இருக்கும். பாதி வேலையைத்தான் தொட்டி செய்கிறது, மிச்ச வேலையை மண் செய்யணும். அதுக்கு மண் காய்ந்திருக்கணும், உள்ளே காற்று இருக்கணும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் 2 மீட்டராவது மண் இருக்கணும் என்கின்றன கையேடுகள். ரெண்டு முழத்தில் தண்ணி வருகிற ஏரிக்கரையில் அந்த 2 மீட்டருக்கு எங்கே போவது? எங்க தொட்டியின் அடியே தண்ணிக்குள் இருக்கிறது. அடி திறந்த தொட்டி என்றால் ஏரியில் நேராகக் கழிப்பதற்கு நடுவில் ஒரு சிமெண்டு மூடி, அவ்வளவுதான். பக்கத்திலேயே கைப்பம்பு. பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரிய ஏரிதானே, கரைத்துவிடாதா என்று தோன்றும். முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல் தண்ணி உள்ளே வந்துபோவது நின்றுவிடும். அப்போது வந்ததெல்லாம் உள்ளேயே கிடக்கும்.

ஒழுங்காகக் கட்டின தொட்டியிலும் கசடை ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தாகணும். எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகணும். தமிழ்நாடு அரசு 2014-இல் இதற்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2017-இல் மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் கசடைச் சுத்திகரிக்கிற நிலையம் வந்தது. 2022-இல் நகர உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்திக் கழிவு லாரிகளுக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையும் சுத்தம் செய்யாத கழிவை இந்த நீர்நிலைகளில் விடக் கூடாது என்கிறது. காகிதத்தில் குறை இல்லை. காகிதத்தின் கை நகரத்தையே முழுசாக எட்டவில்லை, ஏரிக்கரைக் காலனியை எங்கே எட்டப் போகிறது?

அந்தக் குழிக்குள் இருக்கிற காற்றைப் பற்றியும் சொல்லணும். ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடக் கூட மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். 1993-இலிருந்து கணக்கில் வந்த இந்தச் சாவுகளில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. இழப்பீடு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறிக்கொண்டே போகிறது. இறங்குவது நிற்கவில்லை. விஷம் கூடினால் மூக்கு மரத்துப்போவதுபோல இந்தச் சமூகத்துக்கும் மரத்துப்போயிருக்கிறது. பத்தடி தள்ளி நின்ற எனக்கும்தான்.

*

இதையெல்லாம் ஒரு தோழரிடம் சொன்னேன். வீட்டுக்கு வீடு மலக்குழியைச் சோதிக்கணும், விதி வேணும் என்றேன். அவர் கோபப்பட்டார். "எண்ணூர்ல அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆத்துல கலக்குது. துறைமுகம் கரைய தின்னுது. அதெல்லாம் வுட்டுட்டு, கடன் வாங்கி கக்கூஸ் கட்டினவன் குழியத் தோண்டிப் பாக்கணுமா? விதி வந்தா மொதல்ல நோட்டீசு காலனிக்குத்தான் வரும். அப்புறம் 'சுத்தம் இல்லாத ஜனங்க'ன்னு நம்மளயே ஏரிக்கரைய விட்டுக் காலி பண்ணுவான். இடத்த ரிசார்ட்டுக்குக் குடுப்பான்" என்றார்.

அவர் பயம் பொய்யில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் லௌண்டஸ் கவுண்டி என்று ஓர் இடம். கறுப்பின மக்கள் பெரும்பான்மை. அங்கே களிமண், தண்ணி இறங்காது. அந்த மண்ணுக்குத் தகுந்த தொட்டி கட்ட ஆகிற செலவு அந்த ஜனங்களால் முடியாதது. அதனால் கழிவை ஒரு குழாய் வழியாக வீட்டுக்குப் பின்னாலேயே விட்டார்கள். அரசாங்கம் என்ன செய்தது? தொட்டி கட்டிக் கொடுக்கவில்லை, வழக்குப் போட்டது, கைதுவரை போனது. அந்த மண்ணின் மகள் கேதரின் கோல்மன் ஃபிளவர்ஸ் வருஷக்கணக்கில் போராடினார். அங்கே வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. பணக்கார நாட்டில் ஒழிந்துவிட்டது என்று நம்பின நோய் அது. ஏழைகள்மேல் இதற்காகக் குற்ற வழக்குப் போடுவதை நிறுத்தணும் என்று 2023 மே மாதம் நடுவண் அரசின் நீதித்துறையோடு ஓர் உடன்பாடு வந்தது. 2025 ஏப்ரலில் அடுத்து வந்த அரசு அந்த உடன்பாட்டையே ரத்து செய்துவிட்டது.

இந்த லௌண்டஸ் நமக்கு அந்நியம் இல்லை. 1965, 66-இல் அங்கே கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்காகத் தனிக்கட்சி கட்டினபோது எடுத்துக்கொண்ட சின்னம் கருஞ்சிறுத்தை. ஓக்லண்டில் 1966-இல் தொடங்கின கருஞ்சிறுத்தைக் கட்சி அங்கிருந்துதான் சின்னத்தையும் பேரையும் எடுத்தது. அதைப் பார்த்து 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள். 1980-களில் மதுரை வழியாகத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம்ம சிறுத்தை புறப்பட்ட ஊரில் இன்றைக்கும் ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிற மலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தோழரிடம் நான் சொன்ன பதில் இது. லௌண்டஸ் மக்கள் 'விதியே வேண்டாம்' என்று கேட்கவில்லை. 'எங்களைத் தண்டிக்காதே, தொட்டி கட்டிக் கொடு' என்று கேட்டார்கள். விதி இல்லாத இடத்தில் யாருக்கு லாபம்? ரிசார்ட்டுக்காரன் ராத்திரியில் லாரி அனுப்பலாம். அதைத் தடவுகிற கை எங்க அம்மாவுடையது. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவும் நீரைக் காக்கிற விதிதான். பண்ணை முதலாளியின் கழிவுக்கு அவனே பொறுப்பு என்று அன்றைக்கு நாம் சந்தோஷப்பட்டோம். பெரிய கழிவுக்கு உள்ள நியாயம் சின்னக் கழிவுக்கு இல்லையா? உண்டு. ஆனால் வரிசை முக்கியம். யாரிடம் முதலில் கேட்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் விதியின் நியாயம் இருக்கிறது.

கேட்பதை மேலேயிருந்து ஆரம்பி. ரிசார்ட், கல்யாண மண்டபம், இறால் பதப்படுத்துகிற இடம், மாடி வீடு, அரசாங்கக் கட்டடம், இவர்கள் தொட்டியை முதலில் திறந்து பார். கொடுப்பதைக் கீழேயிருந்து ஆரம்பி. காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் அரசாங்கமே அடி மூடின, தரைக்கு மேலே உயர்த்தின தொட்டியைக் கட்டிக் கொடு. நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்துக்குத் தோதான வேறு வழியும் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறிப் பக்கத்தில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, தரைக்கு மேலேயே காயவைத்து உரமாக்குகிற கழிப்பறைகளைக் கட்டிக் காட்டியது. அங்கேயும் ஒரு கேள்வியை விடக் கூடாது: காய்ந்ததை எடுக்கப் போவது யார்? வீட்டுக்காரரே எடுத்தால் அது மாற்றம். அதுக்கும் ஒரு சாதியைக் கூப்பிட்டால் பழைய கதைதான். லாரி எந்த வீட்டில் எடுத்தது, எங்கே இறக்கியது என்று சீட்டு வேண்டும், அந்தச் சீட்டு வீட்டுக்காரர் கையிலும் இருக்கணும். ஆள் இறங்கினால் ஒப்பந்தக்காரரோடு சேர்த்து வீட்டுக்காரர் மேலும் வழக்கு. சுத்திகரிப்பு நிலையம் சுடுகாட்டுக்கும் காலனிக்கும் நடுவில்தான் வரும் என்ற எழுதாத விதியையும் மாற்றணும்.

இதில் எதுவும் தர்மம் இல்லை. உன் மலத்துக்கு நீ பொறுப்பு என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்வது, அவ்வளவுதான். சாதிச் சமூகத்திடம் இதை ஒரு அரசாங்கம் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் அது சின்ன காரியம் இல்லை.

*

2023 மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையில் இதைப் பேசினேன். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "நல்ல நாளும் அதுவுமா மலத்தப் பத்தியா?" என்றார். தீர்மானப் புத்தகத்தில் ஒருவரி எழுதினார்கள். அதோடு சரி.

அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, அந்தத் தம்பி, 500 ரூபாய், நான் கேட்காமல் விட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ள பேரு இன்னாடா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"எந்த ஊரு?"

"தெரியல."

"கை கால் கழுவ சோப்பாவது குடுத்தியா?"

தண்ணி ஊற்றினேன். சோப்பு கொடுத்ததாக ஞாபகம் இல்லை. லாரிக்காரரின் போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். பேரைக் கேட்டதற்கு, "எந்தப் பையன் சார்? நெறைய பேரு வந்து போறாங்க" என்றார்.

அதே வருஷம் இன்னொரு கடன் வாங்கித் தொட்டியை மாற்றிக் கட்டினேன். அடியில் கான்கிரீட், ரெண்டு அறை, தரைக்கு மேலே ரெண்டடி உயரம். தெருவில் போகிறவங்க, "இன்னாபா, கக்கூசுக்குக் கோயில் கட்டிக்கிறே?" என்று கேட்டாங்க. துணியும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். இனிமேல் என் பக்கம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடி மூடின தொட்டி நிறையும் அல்லவா? நிறைந்தது. லாரிக்குச் சொன்னேன். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன். ஆள் இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். கூட வந்தவர் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு, "எங்க ஊத்துவீங்க?" என்று கேட்டேன். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் எங்க ஊத்துறாங்களோ அங்கதான் சார். வேற எடம் எங்க கீது? நீங்களே காட்டுங்க, ஊத்துறேன்" என்றார். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

என்னிடம் காட்ட இடம் இல்லை. வாடகையைக் கொடுத்து லாரியை வெறுமனே திருப்பி அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒருத்தன் தனியாக நல்லவனாக இருந்து ஏரியைக் காப்பாற்ற முடியாது. மனசாட்சி மூடிவரைதான் போகும். மூடிக்கு அந்தப் பக்கம் லாரி வேணும், நிலையம் வேணும், சீட்டு வேணும், கேட்கிற அதிகாரி வேணும். அதைத்தான் விதி என்கிறோம். காந்தி சொன்னதுபோல அவரவர் மனசு மாறட்டும் என்று காத்திருந்தால் அதுவரைக்கும் யாரோ இறங்கிக்கொண்டிருப்பார்கள், யாரோ தடவிக்கொண்டிருப்பார்கள். அம்பேத்கர் மனசை மட்டும் நம்பாமல் சட்டத்தையும் எழுத உட்கார்ந்தது ஏன் என்று எங்க வீட்டுத் தொட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

தொட்டி இன்னும் நிறைந்துதான் கிடக்கிறது. மழைக்காலம் வருகிறது. அம்மா தினமும் ஒருதடவை மூடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "அப்போ இன்னாடா பண்ணப் போறே?" என்று கேட்கிறார். கிராம சபைக்கு மறுபடியும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கையெழுத்துக்காகத் தெருத் தெருவாகப் போகிறேன். முதல் கையெழுத்து, கைநாட்டுத்தான், அம்மாவுடையது.